ஆயுத பூசையன்று அழித்த எழுத்து

மூன்றாம் வகுப்போடு ரப்பர் தோட்டத்துப் பள்ளியை விட்டவன் நான். அந்தப் படிப்பை வைத்துக்கொண்டே பிரிக்பீல்ட்சில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் கடை போட்டேன். படித்தவனெல்லாம் என்னிடம்தான் கைகட்டி நின்றான்.

தொண்ணூறுகளின் கடைசியில் கடைக் கணினியைப் பார்த்துக்கொள்ள ஒருவன் இருந்தான். அதில் லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போட்டவனும் அவன்தான். மத்தியானம் மற்றவர்கள் சாப்பிடப் போனதும் மௌசைப் பிடித்துத் திரையிலேயே தமிழ் எழுத்து வரைவான். அ முதல் கடைசி வரை அவன் கைப்பட உருவானது. பத்திரிகையில் அடித்த அந்த எழுத்துக்காகவே என் கடைக்கு வருவதாகச் சிலர் சொன்னார்கள். வந்தது என் பேருக்குத்தான்.

ஆயுத பூசைக்கு முதல் நாள் வேலையை விடுவதாகச் சொன்னான். கிள்ளானில் ஓர் அச்சகம் அவனை அந்த எழுத்தோடு கூப்பிட்டதாம்.

"போறதுக்கு முன்ன லினக்ஸ புதுசா போட்டுத் தரேன் பாஸ். டிஸ்க்க முழுசா அழிக்கணும். நாளைக்குப் பூசை, மெஷின தொட மாட்டோம். நாளான்னிக்கு என் எழுத்த காப்பி எடுத்துட்டு அழிச்சிடுறேன். வேற எங்கயும் காப்பி இல்ல."

அதை அவனாகவே சொன்னான். நான் கேட்கவில்லை.

மறுநாள் கணினிக்குச் சந்தனம், குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டினேன். தட்டைக் கீழே வைத்ததும், "உக்காரு. இப்பவே அழி," என்றேன்.

"பூசை நாள் லா பாஸ். தொடக்கூடாது."

"என் பெட்டி, என் பூசை. நான் சொல்றேன்."

"காப்பி எடுக்க ஒரு டிஸ்கெட் போதும் பாஸ். கொஞ்ச நேரம்தான்."

"என் கடையில வரைஞ்சது வெளிய போகாது. இல்லன்னா கிள்ளானுக்குப் போன் போட்டு, என் சாமானத் திருடிட்டு வரான்னு சொல்லிடுவேன்."

அழிக்கும் கட்டளையை ஒரு வரியாக அடித்தான். விரல் என்டர் விசை மேல் நின்றது.

"தட்டு," என்றேன். தட்டினான். பெட்டியின் சிவப்பு விளக்கு குங்குமத்துக்குப் பக்கத்தில் விடாமல் மின்னியது. அது அடங்கும்வரை நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு லினக்ஸையும் சுத்தமாகப் போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் போனான்.

எழுத்து இல்லாதவனைக் கிள்ளான்காரன் சேர்க்கவில்லை. பண்டமாரானில் லோரி ஓட்டினான். நான் வெறுங்கையோடு எத்தனை முறை தொடங்கியவன். இவனால் நாலு எழுத்தைத் திரும்ப வரைய முடியவில்லை.

என் மகள் கல்யாணத்துக்கு, விலைக்கு வாங்கிய வேறு எழுத்தில் அடித்த பத்திரிகையை அவனைத் தேடிப் போய் வைத்தேன். விரலால் தடவிப் பார்த்தான்.

"இந்த 'ழ' சரியா நிக்கல பாஸ்."

"உன்னோடது எங்க, காட்டு," என்றேன்.

பத்திரிகையை என் கையிலேயே கொடுத்துவிட்டு லோரியில் ஏறினான்.