மிளகாய் நீங்கலாக

பியர் குடித்துச் சம்பளம் வாங்கியவள் நான். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குப் பொறுமை கிடையாது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், தாம்பரத்திலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம் போனால் வரும் ஒரு பியர் தொழிற்சாலையின் லேபில் வேலை பார்த்தேன். காலையில் சோதனைக் குழாய், தராசு, ரெஜிஸ்டர். மதியம் மூன்று மணிக்கு ஐந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து ருசி பார்த்து, இருபதுக்கு மதிப்பெண் போட வேண்டும். நால்வர் ஆண்கள், ஐந்தாவது நான். ஒயின் என்றால் துப்பிவிடலாமாம். பியரின் கசப்பு தொண்டைக்கு அருகில்தான் தெரியும், அதனால் விழுங்கியே ஆக வேண்டும். விழுங்கினேன்.

வேலையில் சேரும்போது கல்யாணமாகி எட்டு மாதம். சிட்லபாக்கத்தில் ஏரிப் பக்கம் வீடு. நான், கணவர், மாமியார். மாமனார் காலமாகிப் பல வருடம். வேலைக்கு ஆர்டர் வந்ததும் வீட்டில் என்ன சொல்வது என்று விழித்தபோது கணவர்தான் வழி கண்டுபிடித்தார்.

"பியரை எதுலேர்ந்து பண்றாங்க? பார்லியிலேர்ந்து. பார்லி கம்பெனின்னு சொல்லிடு. பொய்யே இல்லையே!"

பொய் இல்லைதான். ஆனால் மாமியார், "பார்லி கம்பெனியா? நல்லதாப் போச்சு, நீர்க்கடுப்புக்கு ஆவும், ஒரு கிலோ கொண்டாம்மா" என்றார். அன்று முதல் மாதாமாதம் குரோம்பேட்டை மளிகைக் கடையில் ஒரு கிலோ பார்லி வாங்கி, கடைப் பெயர் போட்ட பையைக் கிழித்துப் போட்டுவிட்டு, வேறு பையில் கொட்டி எடுத்துப் போனேன். "உங்க கம்பெனி பார்லி போன மாசம் மாதிரி இல்ல, புழுங்கன வாசன கீது" என்று அவர் குறை வேறு சொல்வார். அவருடைய மூக்கு அப்படி. பால் திரியப் போகிறது என்பதைப் பாலுக்கு முன்பே தெரிந்துகொள்ளும் மூக்கு. அந்த மூக்குக்குப் பயந்துதான் தினமும் ரயிலில் இரண்டு ஏலக்காயை மென்றுகொண்டே வீடு திரும்புவேன்.

எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. வெட்கப்பட்டுக்கொண்டு சொல்லவில்லை, நிஜமாகவே பிடித்திருந்தது. ஒரு வாய் குடித்துவிட்டு, இதில் என்ன இருக்கிறது என்று யோசிப்பதற்கு எனக்கு வேறு எங்கே சம்பளம் கொடுப்பார்கள்? ஒரு வருடம் தற்காலிகம், பிறகு நிரந்தரம் என்று சொல்லியிருந்தார்கள். அந்த ஒரு வருடம் முடிகிற வாரத்தில்தான் பெல்ஜியம் வந்து சேர்ந்தது.

முதலாளி வெளிநாடு போயிருந்தார். அங்கே பெல்ஜியத்துக்காரர்கள் காய்ச்சும் கறுத்த, உக்கிரமான ஏல் என்ற பியரைக் குடித்து மனதைப் பறிகொடுத்துவிட்டுத் திரும்பினார். அதே மாதிரி இங்கேயும் ஒரு சின்னப் பாத்திரத்தில் காய்ச்சினார்கள். நாங்கள் வழக்கமாகக் குடிப்பதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு வீரியம். கூடவே எப்படி மதிப்பிட வேண்டும் என்று ஒரு வார்த்தைப் பட்டியலும் வந்திருந்தது. பிளம், அத்திப்பழம், உலர்திராட்சை, கிராம்பு, கேரமல். இதில் எது தெரிகிறது என்று தாளில் எழுத வேண்டும்.

கண்ணாடி டம்ளரில் ஊற்றினார்கள். கரைத்த புளியைக் கொதிக்க வைத்த நிறம். வெளிச்சத்துக்கு எதிரே தூக்கினால் ஓரத்தில் மட்டும் சிவப்பு. நுரை பழுப்பாக, அடர்த்தியாக, கலையாமல் நின்றது. அதற்கு முழு மதிப்பெண் போட்டேன். முகர்ந்தால் முதலில் கிராம்பு, அப்புறம் நன்றாகக் கனிந்த வாழைப்பழம், அதன் பின்னால் பாகு காய்ச்சும்போது இன்னும் ஒரு நிமிடம் விட்டால் தீய்ந்துவிடும் என்கிற நிலையில் வெல்லம். குடித்தேன். முதலில் இனிப்பு, பிறகு ஒரு புளிப்பு, தொண்டையில் இருமல் மருந்து இறங்கிய சூடு. அந்தச் சூட்டுக்காக இரண்டு மதிப்பெண் குறைத்தேன். விழுங்கிய பிறகு நாக்கில் ஒன்று மிச்சமிருந்தது. எனக்கு மிக நன்றாகத் தெரிந்த ஒன்று. புளிப்பும் காரமுமாகப் பள்ளிக்கூட வாசலில் பிளாஸ்டிக் தாளில் ஒட்டி விற்பார்களே, அது.

தாளில் ஆங்கில எழுத்தில் எழுதினேன்: 'இலந்தவடை, மிளகாய் நீங்கலாக'. மொத்தம் பதினைந்து மதிப்பெண்.

மற்ற நால்வரும் 'பிளம்' என்று எழுதியிருந்தார்கள். நால்வரில் ஒருவர்தான் லேப் இன்சார்ஜ். என் தாளைப் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏம்மா, பெல்ஜியத்துல எலந்தவடை விக்கறானா?"

"இங்க விக்கறாங்க சார்."

"இது பிளம்மா. லிஸ்ட்லயே இருக்கு பாரு."

"நான் பிளம் சாப்பிட்டதே இல்ல சார். நீங்க?"

"கிறிஸ்துமஸுக்குப் பக்கத்து வீட்லேர்ந்து வருஷா வருஷம் பிளம் கேக் வரும்."

"அதுல போடறது டூட்டி ஃப்ரூட்டி சார். பப்பாளிக்காய்."

மற்ற மூவரும் மேசையைப் பார்த்தார்கள். அவர்களும் கேக்கை நம்பித்தான் எழுதியிருந்தார்கள் என்று தெரிந்தது. இன்சார்ஜுக்குக் கோபம் வரவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "இன்னொரு தடவை குடிச்சுப் பாரு, பிளம் வரும்" என்றார். குடித்தேன். வரவில்லை. "இன்னொரு தடவை." மூன்றாவது டம்ளரில் தலை சுற்றல்தான் வந்தது.

"நாளைக்குப் பத்து மணிக்கு ஓனர் இந்தத் தாளையெல்லாம் பார்ப்பாரு. காலைல வந்து மாத்தி எழுதி வெச்சுடு. உன் கன்ஃபர்மேஷன் லெட்டரும் அதே ஃபைல்லதான் இருக்கு" என்றார்.

பஸ்ஸில் எரிச்சலோடு வந்தேன். ஒரு வார்த்தைதானே, எழுதித் தொலைத்தால் என்ன என்றும் தோன்றியது. என் நாக்கு சொல்வதை எழுதத்தானே என்னை வைத்திருக்கிறார்கள், அப்புறம் எதற்கு லிஸ்ட் என்றும் தோன்றியது. நான்கு பேர் ஒன்று சொல்லும்போது நான் மட்டும் வேறு சொன்னால், தப்பு என் நாக்கில்தானோ என்ற சந்தேகமும் வந்துவிட்டது. அதுதான் வேதனை. தாம்பரத்தில் ரயில் ஏறி ஏலக்காயை எடுத்தேன். உரித்து, விதையை ஜன்னலுக்கு வெளியே எறிந்துவிட்டுத் தோலை மென்றேன். சானடோரியத்தில் இறங்கும்போதுதான் என்ன செய்தேன் என்று உறைத்தது.

கேட்டில் மாமியார் நின்றிருந்தார். வழக்கம்போல என் கையிலிருந்து சாப்பாட்டுப் பையை வாங்கக் கிட்டே வந்தார். வந்தவர் அப்படியே நின்று மூக்கை ஒருமுறை உறிஞ்சினார்.

"இன்னா, இன்னிக்கு வேற சரக்கா?"

இரண்டடி பின்னால் நகர்ந்து வாயைப் பொத்திக்கொண்டேன்.

"தெனம் வர்ற வாசன இல்லியே இது" என்று இன்னொரு முறை உறிஞ்சினார். "எலந்தவட வாசனல்ல வருது?"

வேலை போச்சு, மானம் போச்சு என்று அழவேண்டிய நேரம். நானோ அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "காரம்? காரம் வருதா அத்தை?"

அவர் நிதானமாக யோசித்தார். "இல்ல. மொளகா போடாத எலந்தவட."

அந்த நிமிடம் எனக்கு வந்த சந்தோஷம் தாலி கட்டும்போதுகூட வரவில்லை. அவர் சொன்ன 'தெனம்' அப்புறம்தான் மண்டையில் ஏறியது.

"தினமும் தெரியுமா உங்களுக்கு? ஏன் ஒண்ணுமே கேக்கல?"

"உங்க மாமா குட்ச்சிட்டு வந்தா சண்ட. நீ குட்ச்சிட்டு வந்து பாத்தரம் தேய்க்கற. நா இன்னாத்துக்குக் கேக்கப் போறேன்?" என்று பையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் தாளில் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. பத்து மணிக்கு முதலாளி 'பிளம், பிளம், பிளம், பிளம்' என்று வரிசையாகப் படித்துவிட்டு என் தாளில் வந்து நின்றார். "ஸ்கூல் வாசல்ல விப்பாங்களே, அதுவா?" ஆமாம் என்றேன். அந்தப் பியரில் ஒரு டம்ளர் வரவழைத்து ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய் குடித்தார். "அட, ஆமா!" என்றவர், என் லெட்டரில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அந்தக் கறுத்த பியர் கடைசிவரை கடைக்குப் போகவில்லை, அது வேறு கதை.

அன்று மாலை குரோம்பேட்டையில் இறங்கி ஒரு பாக்கெட் இலந்தவடை வாங்கிப்போய் மாமியாரிடம் நீட்டினேன். வேலை நிரந்தரம் ஆகிவிட்டது, அது உங்களால்தான் என்று சொன்னேன். ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, பக்கத்தில் யாரும் இல்லையே என்று திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அவனுக்கு மட்டும் தெரிய வாணாம். பாவம், நீ பார்லி கம்பெனிக்குத்தான் போறேன்னு நம்பிகினு கீறான்."