பூட்டிய விளைக்கு யார் சாட்சி?

மனைவி இறந்தபின், இரணியல் பக்கம் உள்ள என் வாழைவிளையில் நான் தனியாகத்தான் வேலை செய்கிறேன். இட்ட சாணம், பறித்த களை என்று எல்லாவற்றையும் அன்றன்றே டைரியில் எழுதிவிடுவேன். ஒருவர் விளையை மற்றவர்கள் பார்த்து, இயற்கை விவசாயம்தான் என்று கையெழுத்திடும் ஐவர் குழுவில் சேர்ந்தேன். அந்தச் சான்றிதழ் இருந்தால்தான் நாகர்கோவில் கடைக்காரர் குலையை எடுப்பார். ஆனால் நான் கூட்டங்களுக்குப் போகாமல், விளையின் கேட்டையும் பூட்டியே வைத்து, டைரியை மட்டும் கொடுத்தனுப்பினேன். ஆண்டு முடிவில் ஒருவரும் எனக்குக் கையெழுத்திடவில்லை.

குழுவிலிருந்த தங்கையனிடம் போய்க் கேட்டேன்.

"ஓய், எழுத்தெல்லாம் முத்துதான். கேட்டப் பூட்டிப் போட்டா நாங்க எப்பிடிப் பாக்க? சர்ட்டிபிகேட்டு டைரிக்கா, விளைக்கா?" என்றார்.

மறுநாளே கேட்டைத் திறந்துவிட்டேன்; குழுவின் மற்ற நால்வரும் வந்தார்கள். தென்வரப்பில் புல் கருகியிருந்ததை அவர்கள்தான் கண்டார்கள். அடுத்த விளையில் அடித்த களைக்கொல்லி காற்றில் வந்திருக்கிறது. நான் செய்தவற்றை மட்டுமே எழுதி வந்ததால், அது என் டைரியில் இல்லை. நல்லவேளை, ஓரத்து வரிசையை ஒதுக்கிவிட்டு மீதிக்குக் கையெழுத்திட்டார்கள்.

இப்போது மாதத்தின் முதல் சனிக்கிழமை கேட்டைத் திறந்து வைக்கிறேன். வந்தவர்கள் கண்டதையும் எழுதுகிறேன். அவர்களுக்கும் எனக்குமாக ஐந்து டீ தம்ளர்களை வெள்ளிக்கிழமையே கழுவிக் கவிழ்த்துவிடுகிறேன்.