குறூப் இல்லாத இரத்தம்

என் மாமனாரின் இரத்தத்துக்குக் குறூப் இல்லை என்பது எங்கள் குடும்பத்தின் பழைய பகிடி. ஒஸ்லோவுக்கு வந்த புதிதில் அவருக்கு ஒரு சத்திரசிகிச்சை நடந்தது. தன்னுடைய இரத்தம் என்ன குறூப் என்று கேட்டிருக்கிறார். தாதி "நுல்" என்றாளாம். நுல் என்றால் பூச்சியம். அந்த அளவு நோர்வேஜியன் அவருக்கு அப்போதே தெரியும். "தேடிப் பாத்திருக்கினம், குறூப் ஒண்டும் இல்லையாம்" என்று வீட்டுக்கு வந்து சொன்னவர், பிறகு கலியாண வீடுகளிலும் அதையே சொன்னார். நாங்களும் சிரித்தோம். சிரித்து முடித்த விஷயத்தை யார் திரும்ப யோசிக்கிறார்கள்?

எங்கள் மகள் பதினெட்டு முடிந்ததும் இரத்ததானத்துக்குப் பதிந்தாள். சோதனை முடிந்து அட்டை வந்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை, ரொம்சோஸில் எங்கள் வீட்டில் மத்தியானச் சாப்பாடு. கணவரின் அக்கா, என் மச்சாள், வந்திருந்தார். மாமா அப்போது பேர்கனில் இளைய மகன் வீட்டில் நின்றார். மகள் அட்டையை மேசையில் வைத்தாள். அதில் ஒரு வட்டம், பக்கத்தில் ஒரு கூட்டல் அடையாளம்.

"நான் ஓ பொசிட்டிவ்," என்றாள்.

மச்சாளுக்கு முதியோர் இல்லத்தில் வேலை. அதனால் குடும்பத்துக்கே டொக்டர் அவர்தான். எங்கள் எல்லோருடைய பிரஷரும் சீனியும், குறூப் இல்லாத மாமாவைத் தவிர எல்லோருடைய குறூப்பும் அவருக்கு மனப்பாடம். கரண்டியைக் கீழே வைத்தார்.

"தம்பி பி. நீர் ஏ. பிறகெப்பிடிப் பிள்ளை ஓ? ஏ வரலாம், பி வரலாம், ரெண்டும் சேந்து ஏபி வரலாம். ஓ வராதே. நான் சும்மா கேக்கிறன்."

சும்மா கேட்கிறாராம். எங்கள் ஆட்களின் வாயில் இந்தச் 'சும்மா' வந்தால் எனக்கு முதுகு நிமிர்ந்துவிடும். மகள் என்னைப் பார்த்தாள். நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் தன்னுடைய சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்தார். பருப்புக்குள் ஏதோ எழுதியிருக்கிறது போல அவ்வளவு கவனமாகப் பார்த்தார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

மறுநாள் வேலையிடத்தில் இடைவேளையின்போது போனில் தேடி வாசித்தேன். பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஒவ்வொருவருக்கும் இரண்டு எழுத்து. ஒன்று தாய் தந்தது, மற்றது தகப்பன் தந்தது. ஓ கூச்ச சுபாவம் உள்ளது. பக்கத்தில் ஏயோ பியோ நின்றால் முகம் காட்டாது. வெளியில் நான் ஏ, உள்ளே ஒரு ஓ ஒளிந்திருக்கலாம். வெளியில் அவர் பி, அவருக்குள்ளும் ஒன்று இருக்கலாம். இரண்டு பேரும் ஒளித்து வைத்திருந்ததைக் கொடுத்தால் பிள்ளை ஓ. ஒரு தாளில் நாலு பெட்டி கீறி எழுதிப் பார்த்தேன். மடித்துக் கைப்பைக்குள் வைத்தேன்.

அதை ஒருவருக்கும் காட்டவில்லை. காட்டினால், என் மேல் ஒரு வழக்கு இருக்கிறது என்று நானே ஒத்துக்கொண்டதாகிவிடும். இருபது வருடம் கூட வாழ்ந்த மனுசனுக்கு நான் ஏன் தாள் காட்ட வேண்டும்?

மூன்றாம் நாள் உடுப்பு மடிக்கும்போது அவர் மெதுவாகத் தொடங்கினார். "ஒரு சின்ன டிஎன்ஏ சோதினை செய்தால் அக்கான்ரை வாயை அடைச்சுப் போடலாம். எனக்குச் சந்தேகம் ஒண்டும் இல்லை. உமக்குத் தெரியும்தானே."

"அக்கான்ரை வாயை அடைக்கிறதுக்கு என்ரை பிள்ளையின்ரை வாய்க்குள்ளை பஞ்சு விடேலாது," என்றேன். "சந்தேகம் இல்லாத ஆள் அண்டைக்கு ஏன் கோப்பையைப் பாத்தனீங்கள்?"

அவர் எழும்பிப் போய்விட்டார். அடுத்த நாள் அந்த அட்டையை எடுத்துக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில், அவருடைய கண் மட்டத்துக்குச் சரியாக ஒட்டிவைத்தேன்.

மகள் சமையலறைக்கு வந்து நேராகவே கேட்டாள். "அம்மா, நான் ஆரின்ரை பிள்ளை எண்டே மாமி கேட்டவ?"

"ஓம், அதைத்தான் கேட்டவ. அவவுக்கு நான் மறுமொழி சொல்லமாட்டன். உனக்குச் சொல்லுவன்." தாளை எடுத்துக் கொடுத்தேன்.

அவள் ஒரு தரம் பார்த்தாள். "இது நாத்தூர்ஃபாக்கிலை படிச்சதுதானே." விஞ்ஞானப் பாடத்தை அவள் நோர்வேஜியனில்தான் சொல்லுவாள். "அப்பாவுக்குக் காட்டேல்லையோ?"

"அவர் என்னட்டை விளக்கம் கேக்கேல்லை. சோதினைதான் கேட்டவர்."

அவள் தாளை மடித்து என் கையில் தந்துவிட்டு, என் தோளில் சாய்ந்து நின்றாள்.

இரண்டு கிழமை கழித்து மாமா பேர்கனிலிருந்து வந்தார். திரும்பவும் ஞாயிறு, அதே மேசை, அதே மச்சாள். தண்ணீர் எடுக்கப் போன மாமா அட்டையைக் கண்டு, கழற்றிக்கொண்டு வந்து கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார்.

"இதென்ன, பிள்ளைக்கும் நுல்லோ? என்னைப்போலை உனக்கும் குறூப் இல்லையடி," என்றார். விரல் அந்த வட்டத்தில் இருந்தது.

ஒருவரும் சிரிக்கவில்லை. நாங்கள் எழுத்தாக வாசித்த வட்டத்தை அவர் இலக்கமாக வாசித்திருந்தார். அவர்தான் சரி.

"அப்பப்பா," என்று தாத்தாவைக் கூப்பிட்டாள் மகள், "நோர்வேஜியன் ஆக்கள் ஓ குறூப்பைத்தான் நுல் எண்டு சொல்லுறவை. நீங்களும் ஓ. உங்களிட்டைக் குடுக்கிறதுக்கு ஓவைத் தவிர வேறை ஒண்டும் இல்லை. அப்ப அப்பாவுக்குள்ளை ஒரு ஓ இருக்கத்தான் வேணும். அதை அவர் எனக்குத் தந்திட்டார்."

"அப்ப எனக்குக் குறூப் இருக்கே?" மாமாவுக்கு மற்றது ஒன்றும் காதில் விழவில்லை. முப்பது வருடத்துக்குப் பிறகு கிடைத்த குறூப்பை ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லி அவளைப் பிடித்துக்கொண்டார்.

மச்சாள் விரலில் ஏதோ கணக்குப் பார்த்தார். பிறகு அப்பளம் ஒன்றை எடுத்து உடைத்தார். என் பக்கம் திரும்பவில்லை.

கறிச்சட்டியை எடுக்க நான் சமையலறைக்குப் போக, கணவர் பின்னால் வந்தார். முகம் வெளித்திருந்தது. "பாத்தீரே, எல்லாம் சரியாப் போச்சு."

என்ன சரியாகப் போனது? யாருக்கு? அவருக்குப் போன உயிர் திரும்பி வந்திருந்தது. எனக்கு எதுவும் வந்து சேரவில்லை.

"மாமா பேர்கனிலையே நிண்டிருந்தால்?" என்று கேட்டேன்.

அவர் கறிச்சட்டிக்குக் கை நீட்டினார்.

"ஆறுதலா யோசிச்சுச் சொல்லுங்கோ," என்று சொல்லிவிட்டுக் கறியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

அட்டையைத் திரும்பவும் அதே இடத்தில் ஒட்டினேன். தேத்தண்ணிக்குப் பால் எடுக்கப் போகும்போதெல்லாம் அவர் அதைப் பார்த்துத்தான் கதவைத் திறக்க வேண்டும். பதில் இன்னும் வரவில்லை.