ராட்சதப் பல்லிக்கு ஓர் இடைவேளை

ஹாலிவுட்காரர்களிடம் கேட்க எனக்கு ஒரு கேள்வி உண்டு. விண்வெளிக் கப்பலில் ஏறி வருடக்கணக்காகப் போகிறார்களே, அங்கே பாத்திரம் கழுவுவது யார்? இயந்திரம் கெட்டுப்போனால் காட்டுகிறார்கள். காற்று தீர்ந்துபோனால் முக்கால் மணி நேரம் காட்டுகிறார்கள். ஒரு எச்சில் தட்டைக் காட்டிய படம் இன்னும் என் கண்ணில் படவில்லை.

சங்கரன்கோவிலில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தோடு கடை அடைத்துவிடும். தமிழ் பேசும் ஹாலிவுட் படம் ஏதாவது வந்திருந்தால் சாப்பாட்டுப் பெட்டியைக்கூட வீட்டில் வைக்காமல் நேரே தியேட்டருக்குப் போய்விடுவேன். தனியாகத்தான் போவேன். புருஷன் ஊரில் இல்லாத பொம்பளை ஒற்றையாகப் படத்துக்குப் போகலாமா என்று கேட்டவர்களும் உண்டு. துணைக்கு நீங்கள் வாருங்கள், டிக்கெட் நீங்களே எடுங்கள் என்றதும் கேள்வி நின்றுவிட்டது. மின்விசிறிக்கு நேர் கீழே ஓர் இருக்கை எனக்கு வழக்கம். எழுந்தால் வேறு யாராவது உட்கார்ந்துவிடுவார்கள் என்பதால் இடைவேளையில்கூட எழுந்து போகமாட்டேன்.

சமீபத்தில் வருகிற படங்களைப் பற்றி எனக்கு நிறைய வருத்தம் இருக்கிறது. முதலாவது, வெளிச்சம். சண்டை வந்தாலே இருட்டாக்கிவிடுகிறார்கள். யார் யாரை அடிக்கிறார்கள் என்று தெரியாமல் சத்தத்தை வைத்துத்தான் ஊகிக்க வேண்டியிருக்கிறது. அடுத்தது, செத்தவர்கள் திரும்பி வருவது. போன படத்தில் ஒருவர் உயிரை விட்டபோது நான் மூக்கைச் சிந்தி அழுதேன். இந்தப் படத்தில் வேறு உலகத்திலிருந்து அதே ஆள், அதே மீசையோடு வந்து நிற்கிறார். என் அழுகையை யார் திருப்பித் தருவது? அரைத்த மாவையே அரைக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. அழவைத்துவிட்டு அரைக்கக் கூடாது.

ஆனாலும் போகாமல் இருக்க முடியவில்லை. அந்த வேற்றுக்கிரகத்து ஆட்கள் தலையில் என்ன தடவுவார்கள், அங்கே தலைவலிக்கு மாத்திரை உண்டா, கடலுக்கடியில் இருக்கிற ராஜாவுக்குத் தாகம் எடுக்குமா என்றெல்லாம் தெரிந்துகொள்ள வேண்டும்போல் இருக்கும். முக்கியமாக ஒன்று. ஹாலிவுட்டில் எந்த அப்பாவும் வீட்டில் இருப்பதில்லை. ஒன்று வானத்தில் இருப்பார், இல்லையென்றால் போரில் இருப்பார். அவர் வருவாரா மாட்டாரா என்பதுதான் பாதிப் படம். எங்கள் பக்கத்துக் கதை அவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்று நினைத்துக்கொள்வேன்.

என் கணவர் வளைகுடாவில் ஏசி மெக்கானிக். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருவார், கொண்டுவந்த பையைப் பிரிப்பதற்குள் கிளம்புவார். எங்களுக்குள் ஓர் ஏற்பாடு. நான் இங்கே பார்க்கிற படத்தை அவர் அங்கே பெரிய கடைவளாகத்துத் தியேட்டரில் பார்ப்பார். வெள்ளிக்கிழமை அவருக்கு லீவு. மத்தியானம் நான் சோற்றுப் பெட்டியைத் திறக்கிற நேரத்தில் போன் வரும். பிறகு சண்டைதான்.

"நீ முதல்ல சொல்லு, எப்படி இருந்து?" என்பார். நான் ஒன்று விடாமல் சொல்வேன். நன்றாக இருந்தது என்றால் அவர் குறை சொல்வார். குப்பை என்றால் தூக்கிவைத்துப் பேசுவார். கடைசியாக அப்படிப் பெரிய சண்டை ராட்சதப் பல்லி படத்துக்கு. பாலத்தின் நடுவே பள்ளிக்கூடப் பேருந்து நிற்கிறது. எங்கள் ஊர்க் கோயில் கோபுர உயரத்துக்குப் பல்லி எழுந்து வாலைத் தூக்குகிறது. வால் அந்தரத்தில் நிற்கும்போது இடைவேளை. தியேட்டரே 'ஐயோ' என்றது.

"எங்க தியேட்டர்லயும் அங்கனதாம்ட்டி இடைவேளை விட்டான். எனக்கு ஈரக்கொலையே நடுங்கிட்டு" என்றார் அவர். ஆனால் பல்லி பாவம், அதைக் கொன்றிருக்கக் கூடாது என்று சாதித்தார். நான் பேருந்துப் பிள்ளைகளுக்காகப் பேசினேன். அந்தச் சண்டையில் என் சோறு ஆறிப்போனது.

போன மாதம் ஒரு விண்வெளிப் படம். ஒரு அப்பா, பூமியில் இருக்கிற மகளிடம் கடைசியாகப் பேசுகிறார். "அம்மாவிடம் சொல்..." என்று வாயைத் திறக்கிறார், இடைவேளை! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தியேட்டரில் படம் ஓட்டுகிற ஆபரேட்டர் அண்ணாச்சி மறுநாள் இரத்த அழுத்த மாத்திரை வாங்க எங்கள் கடைக்கு வந்தார். கோபத்தை அவரிடமே கொட்டினேன்.

"ஏன் அண்ணாச்சி, அந்த டைரக்டருக்கு அறிவு இருக்கா? ஒரு மனுசன் சாகப்போற நேரத்துல பேசுதான், அதுல போயா இடைவேளை விடுவாவ?"

அண்ணாச்சியின் முகம் சுருங்கிவிட்டது. "அது டைரக்டர் விட்டது இல்லம்மா. நான் விட்டது."

"நீங்களா?"

"பின்ன? இங்கிலீஷ் படத்துல இடைவேளைன்னு ஒண்ணு கிடையாதும்மா. அந்த ஊர்க்காரன் ஒரே மூச்சுல உக்காந்து பாத்துட்டுப் போயிருவான். நம்ம ஆளுக்கு வடை வேணும்லா? கேன்டீன்ல வடை வெந்ததும் எனக்குப் போன் வரும். நல்ல கட்டமாப் பாத்து நிப்பாட்டுவேன். நேத்து வடை சீக்கிரம் வெந்துட்டு, நான் என்ன செய்ய?"

எனக்குச் சிரிப்பு வந்தது. கேட்டுத் தெரிந்துகொள்ளும் ஆசையில், "அப்ப அந்தப் பல்லி வாலைத் தூக்குனது?" என்றேன்.

"அதுவும் நம்ம கைவேலைதான். மத்தியானக் காட்சிக்கு மட்டும். சாயங்காலம் வேற இடத்துல விட்டேன்" என்றார், இப்போது கொஞ்சம் பெருமையாக.

மாத்திரை அட்டையை அவர் கையில் கொடுத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. சங்கரன்கோவிலில் வடை வெந்த நேரத்தில் விட்ட இடைவேளை, கடல் தாண்டி அவர் பார்த்த தியேட்டரில் எப்படி அதே வாலில் வந்தது?

அன்று முழுவதும் அதே யோசனை. முன்பெல்லாம் டிக்கெட்டைப் படம் பிடித்து அனுப்புவார். அது நின்று வெகுநாள் ஆகிறது, நான் கவனிக்கவே இல்லை. 'நீ முதல்ல சொல்லு' என்பது மரியாதை என்று நினைத்திருந்தேன். கேழ்வரகில் நெய் வடிகிறது என்று ஒருவர் சொன்னால், கேட்ட எனக்கு மதி எங்கே போயிற்று? படத்தில் பொய் சொன்னவர் வேறு எதிலெல்லாம் சொல்லியிருப்பாரோ? உடம்புக்கு ஏதாவதா? வேலை போய்விட்டதா? வெள்ளிக்கிழமை வருவதற்குள் நான் நானாக இல்லை.

போன் வந்தது. "விண்வெளிப் படம் பாத்தாச்சா? நீ முதல்ல சொல்லு" என்றார்.

"நீங்க சொல்லுங்க. இடைவேளை எங்க விட்டாவ?"

'நீ முதல்ல' என்றே மறுபடியும் ஆரம்பித்தார். ஆபரேட்டர் அண்ணாச்சி சொன்னதைச் சொன்னேன். முதலில் சிரித்து மழுப்பப் பார்த்தார். பிறகு இறங்கிவந்தார். வேலைக்கு ஒன்றும் இல்லை, உடம்புக்கும் ஒன்றும் இல்லை. போன வருடமே கம்பெனி அவரை நகரத்திலிருந்து பாலைவனத்துக் கேம்ப்புக்கு மாற்றிவிட்டது. தியேட்டர் எங்கேயோ இருக்கிறது. லீவு நாளில் துணி துவைத்துவிட்டுக் கட்டிலில் கிடப்பதுதான்.

"அதச் சொல்ல வேண்டியதுதான? பாக்காத படத்துக்கா என்கிட்ட அந்தச் சண்டை போட்டீங்க?"

"சொன்னா நீ படத்தப் பத்திப் பேசமாட்டட்டி. அம்மாவுக்கு முட்டு வலி, மோட்டார் ஓடல, கரண்டு பில்லு. அதுல ரெண்டு நிமிசத்துல போன வச்சிருவோம். எனக்கு வாரத்துல இந்த ஒரு சண்டதான் இருக்கு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. கோபமும் போகவில்லை. இரண்டுக்கும் நடுவில், சொன்னால் நம்பமாட்டீர்கள், ஆசையும் எட்டிப்பார்த்தது. ஒரு வருடமாக இந்த மனுஷன் தலைக்குள் ஓடிய படங்கள் எப்படி இருந்திருக்கும்?

"சரி, அந்தப் பல்லிப் படத்தச் சொல்லுங்க. நீங்க பாத்தத" என்றேன்.

"பாக்கலன்னுதான சொல்லுதேன்."

"பாக்காமலா பல்லிக்குப் பரிஞ்சு பேசுனீங்க? சொல்லுங்க."

தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். அவருடைய பல்லி அமெரிக்காவில் இல்லை. கோபுர உயரம் என்று நான் சொன்னேன் அல்லவா, அதனால் அது எங்கள் கோபுரத்தைச் சுற்றிக்கொண்டு நின்றது. பேருந்து, பக்கத்து ஊரான திருவேங்கடத்துக்குப் போகிற டவுன் பஸ். பல்லி யாரையும் கொல்ல வரவில்லை. வெயில் தாங்காமல் நிழல் தேடி ஊருக்குள் வந்திருக்கிறது. ஊர்க்காரர்கள் கல்லெறிகிறார்கள். மருந்துக்கடையிலிருந்து ஒருத்தி மட்டும் வெளியே வந்து, சாப்பாட்டுப் பெட்டியைக் கையில் பிடித்தபடி அண்ணாந்து பார்க்கிறாள்.

"அது யாரு?" என்று கேட்டேன்.

"குறுக்க பேசாத. அவ அண்ணாந்து பாக்கா. பல்லி வாலத் தூக்குது. தூக்கி..."

"தூக்கி?"

"இடைவேளை" என்றார். "மிச்சத்த லீவுக்கு வந்துதான் சொல்லுவேன்."

லீவுக்கு இன்னும் எட்டு மாதம் இருக்கிறது. இருக்கட்டும். இடைவேளையில் நான் எழுந்து போகிறவள் இல்லை.