விரதத்தில் விட்ட மாத்திரை

முதுகில் அக்கி (நரம்பை ஒட்டி வரும் கொப்புளம்) வந்தபோது, ஊர் வழக்கப்படி குயவரிடம் போய்க் காவியால் எழுதிக்கொண்டேன். ஆறியது. ஆறே மாதத்தில் மறுபடி வந்தது. தேனியில் ரத்தம் எடுத்துப் பார்த்து, எச்.ஐ.வி. என்றார்கள். மனைவி மல்லிகாவுக்கு இல்லை என்று தெரிந்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

இலவச மாத்திரை எங்கள் மாவட்டத்துக்கு வந்த புதிது. சி.டி.4 (நோயை எதிர்க்கும் வெள்ளணுக்கள்) குறைந்திருப்பதால் காலை எட்டுக்கும் இரவு எட்டுக்கும் விடாமல் போடவேண்டும் என்றார் மருத்துவர் அம்மா. உள்ளே நம் பக்கம் ஆளே இல்லையா என்று கேட்டேன். இருக்கிறது, அந்த வெள்ளணுவுக்குள்ளேயே சில புரதங்கள் கிருமி எடுக்கும் நகலைக் கெடுத்துவிடும் என்றார். அதற்குமேல் சொன்னதை நான் காதில் வாங்கவில்லை. எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது.

அடுத்த சித்திரையில் வீரபாண்டி அம்மன் கோயிலுக்கு அக்கினிச்சட்டி எடுக்கக் காப்புக் கட்டி விரதம் இருந்தேன். அம்மை போட்ட வீட்டில் மருந்தே தொடாத ஆட்கள் நாங்கள். ஆத்தாளுக்கு நேர்ந்த உடம்பில் மாத்திரை எதற்கு, உள்ளே இருக்கிற புரதம் பார்த்துக்கொள்ளும் என்று எனக்கு நானே நியாயம் பேசிக்கொண்டேன். பதினைந்து நாள் டப்பாவைத் திறக்கவில்லை.

மிஞ்சிய மாத்திரைகளை மல்லிகா பார்த்துவிட்டாள்.

"ஆத்தா வந்து மாத்திரைய நிறுத்துன்னு சொன்னாளா? எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டீகளா?"

டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, எங்கள் ஊர் அனுமந்தன்பட்டியிலிருந்து என்னைத் தேனிக்குப் பஸ்ஸில் கூட்டிப்போனாள்.

மருத்துவர் திட்டவில்லை. "நான் சொன்னதுல பாதியத்தான் கேட்டிருக்கீங்க. அந்தப் புரதத்த அழிக்கிறதுக்குன்னே இந்தக் கிருமி ஒரு ஆயுதம் வச்சிருக்கு. மாத்திரைதான் கிருமியப் பெருகவிடாம நிறுத்துது" என்றார். இப்படி விட்டுவிட்டுப் போட்டால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும், பிறகு இந்த மாத்திரை கேட்காது, வேறு மாத்திரை இங்கே கிடைக்காது என்றும் சொன்னார். கேட்குமா கேட்காதா என்பது ஆறு மாதம் கழித்துத்தான் தெரியும்.

அந்த ஆறு மாதத்தில்தான் எங்கள் திராட்சைத் தோட்டத்தில் கொடியை வெட்டிவிடும் கவாத்து வந்தது. கத்தரியைப் பிடித்துக்கொண்டு, இந்தக் கொடி காய்ப்பதை நான் பார்ப்பேனா என்று நின்றிருக்கிறேன். பயந்தேன், மறைக்க ஒன்றுமில்லை. எட்டு மணிக்கு மல்லிகா தண்ணீரோடு எதிரில் வந்து உட்காருவாள். நான் விழுங்கிய பிறகே எழுவாள்.

ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது சி.டி.4 எண்ணிக்கை ஏறியிருந்தது. மருந்து கேட்கிறது என்றார் மருத்துவர். வராந்தாவில் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு மல்லிகா அழுதாள்.

இதைப் படிக்கும் நீங்களும் ஒருநாள் விட்டிருக்கலாம். மறைக்காமல் மருத்துவரிடம் போய்ச் சொல்லுங்கள்.

முன்பெல்லாம் உடம்பு என் பேச்சைக் கேட்கும் வேலையாள் என்று நினைத்திருந்தேன். நான் கைகட்டி உட்கார்ந்திருந்த அந்தப் பதினைந்து நாளும், தோற்கப்போகிற சண்டையை உள்ளே ஏதோ ஒன்று எனக்காக ஒண்டியாகப் போட்டிருக்கிறது. அதனிடம் மன்னிப்புக் கேட்க வழியில்லை. எட்டு மணியானால் மாத்திரை போடுகிறேன்.