தனக்கு வைத்த படையல்

1933 நவம்பர் 19, ஞாயிறு, பகல் பன்னிரண்டரை. மூன்றாம் நாளாக விடாத மழை. நடுப்பகலில் விளக்கேற்றும் இருட்டு.

மயிலாப்பூரில் என் சிநேகிதர் சபாபதி வீட்டில் திதி. யாருக்கு? அவர் மகள் விசாலத்துக்கு.

விசாலம் சாகவில்லை. பத்தொன்பது வயதில் தாலி அறுத்தவள். இருபத்தாறில் ஒரு பள்ளிக்கூட வாத்தியாரோடு மாம்பலத்தில் குடித்தனம் போனாள் — தாலி கட்டிக்கொள்ளாமல். அன்றே சபாபதி தலை முழுகிவிட்டார். இது முதல் வருஷத் திதி.

"உயிரோட இருக்கறவளுக்குப் படையலா, சபாபதி?"

"எனக்குச் செத்துட்டா. நீ சாப்புட வந்தியா, கேஸ் நடத்த வந்தியா?"

மாலை போட்ட படம். அதன் முன் தலைவாழை இலையில் பதினோரு பதார்த்தம் — எண்ணாமல் இருக்க என்னால் முடியுமா? எல்லாம் அவளுக்குப் பிடித்தவை. கற்பூரம் காட்டினார்கள். செத்தவர் வந்து சாப்பிடட்டும் என்று, வழக்கப்படி அறைக் கதவைச் சாத்திவிட்டுக் கூடத்தில் நின்றோம்.

மழைச் சத்தம். பிறகு... உள்ளே வளையல் சத்தம்.

அப்பளம் நொறுங்கியது. தெளிவாகக் கேட்டது. சபாபதி கற்பூரத் தட்டைக் கீழே வைத்தார். கதவைத் தள்ளினார்.

படத்தில் இருந்த அதே முகம் இலைக்கு முன்னால், சொட்டச் சொட்ட நனைந்து, சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

"எனக்குத்தானேப்பா வச்சீங்க?" என்றாள் விசாலம்.

சபாபதி அவளுக்குப் பின்னாலிருந்த சுவரைப் பார்த்தார். "உள்ள யாருமில்ல. கதவைச் சாத்துங்க."

அவள் கண் எங்களோடு கூடத்தில் நின்ற அம்மாவிடமே இருந்தது. ஒரு வருஷமாக அந்த அம்மாள் மகள் பேரை வாயால் சொன்னதில்லை. ஒரே ஒரு வார்த்தை... அதற்காகத்தான் மழையில் வந்திருக்கிறாள்.

இவள் யாரை ஏமாற்றினாள்? யார் குடியைக் கெடுத்தாள்? வயது வந்த இருவர் மனமொத்து வாழ்கிறார்கள். பாவம் எங்கே வந்தது? உயிருள்ள பெண்ணைப் பிணமாக்கும் ஒழுக்கம் இருக்கிறதே — நான் அன்று பார்த்த பேய் அது ஒன்றுதான்.

அம்மாள் மெல்ல உள்ளே போனார். மகளைப் பார்க்கவில்லை. படத்தைப் பார்த்தபடியே கேட்டார்:

"ரசம் ஊத்தட்டுமா, கண்ணு?"

விசாலம் வாய்ச் சோற்றோடு அழுதாள். அந்த அறையின் பின்கட்டுக் கதவுத் தாழ்ப்பாளைத் திறந்து வைத்தது யார் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

அவளைத் திருப்பி அனுப்ப நான் வண்டி கூப்பிட்டேன்.

"செத்தவளுக்கு வண்டி வக்கிறியா?" என்றார் சபாபதி. "அப்படியே இந்த வாசப்படியையும் மறந்துடு."

மறந்துவிட்டேன். ஆன செலவு: முப்பது வருஷ சிநேகிதம், மாம்பலத்துக்கு ஜட்கா வண்டிக்குப் பத்தணா.