கரண்டுக்கு முன் பூசிய மஞ்சள்

புற்றுநோய் வந்து எனக்கு இடது பக்க மார்பை எடுத்துவிட்டார்கள். அதன்பிறகு கண்டியில் கரண்டு பிடித்தார்கள். கதிர் வைத்தியத்தை எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அப்படித்தான் சொல்வோம். திங்கள் முதல் வெள்ளி வரை வார்டில் இருப்பேன். வெள்ளிக்கிழமை கரண்டு முடிந்ததும் ஹட்டன் பஸ் ஏறி, எங்கள் வரிசை வீடுகள் இருக்கும் லயத்துக்கு வருவேன்.

நெஞ்சில் ஊதா மையால் கோடு போட்டிருந்தார்கள். அந்தக் கோட்டுக்குள்தான் கரண்டு விழும். கோடு அழியக் கூடாது, அங்கே சோப்பு, பவுடர், எண்ணெய் எதுவும் படக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். பாதிக்கு மேல் முடிந்தபோது தோல் கறுத்து எரிந்தது. உள்ளே மிஞ்சியிருப்பதைக் கொல்லத்தான் இது, விடாமல் முடித்தால் பிழைக்கலாம் என்றார் டாக்டர். முடிக்க வேண்டும். எனக்கு அது ஒன்றுதான் நினைப்பு.

ஒரு வெள்ளிக்கிழமை என் வீட்டுக்காரர் கூட்டிப்போக வந்தார். மஞ்சள் சேர்க்கலாமா என்று டாக்டரிடம் கேட்டார். டாக்டர் சிங்களத்தில் சொன்னதைத் தமிழ் நர்ஸ் மாற்றிச் சொன்னார்.

"கறியில போடுற மஞ்சள் பரவாயில்ல. மஞ்சள்ல ஒரு சத்து இருக்காம். அதத் தனியாப் பிரிச்சுக் குடுத்தா, புத்து கரண்டுக்குத் தாக்குப்பிடிக்காமச் சாகுமான்னு பாக்குறாங்களாம். வேற செடியிலயும் தேடுறாங்களாம். இன்னும் ஆராய்ச்சிதான், மருந்தா வரல. நீங்க ஒண்ணும் செய்ய வேணாம்."

என் வீட்டுக்காரர் தலையாட்டினார். லயத்துக்கு வந்ததும் மாமியாரிடம் சொன்னது வேறு.

"டாக்டரே சொல்லிட்டாரும்மா. மஞ்சள் பட்டா கட்டி செத்துருமாம். கரண்டு நல்லாப் பிடிக்குமாம்."

"நான் அப்பவே சொன்னேன்ல," என்றார் மாமியார். எங்கள் பெண்கள் வெள்ளிக்கிழமை மஞ்சள் தேய்த்துத்தான் முழுகுவார்கள். கரண்டு தொடங்கியதிலிருந்து நான் தேய்க்கவில்லை. அதிலேயே அவருக்குக் கோபம்.

மறுநாள் காலை பச்சை மஞ்சளை அம்மியில் அரைத்துக்கொண்டு வந்தார். பக்கத்து வீட்டுப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மாமி, வேணாம். கோடு அழிஞ்சிரும்."

"கோடு பெருசா, உசுரு பெருசா?"

"எரியுது மாமி."

"உனக்கு எரிஞ்சாக் கட்டிக்கும் எரியும். பொறுத்துக்க. ஒரு பக்கம் போயி நிக்கிறவளுக்கு வாய் மட்டும் கொறையல."

பக்கத்து வீட்டுப் பெண் சிரித்தாள். என் வீட்டுக்காரர் வாசலில் நின்று பீடி குடித்தார். ஞாயிற்றுக்கிழமையும் பூசினார்கள். சட்டையைக் கழற்றினால் தோலும் சேர்ந்து வந்தது.

திங்கட்கிழமை கரண்டு அறைக்கு வெளியே பெஞ்சில் இருந்தேன். வலப்பனையிலிருந்து வரும் நோயாளி ஒருத்தி மஞ்சள் ஏறிய என் கழுத்தைப் பார்த்தாள்.

"என்னக்கா, ரெண்டாந்தடவ சடங்கு வச்சாங்களா?"

பெஞ்சே சிரித்தது. நானும் சிரித்தேன்.

உள்ளே போய்த் துணியை விலக்கினேன். கோடு இல்லை. மஞ்சளுக்குக் கீழே புண், சீழ். டாக்டரையும், கூட வந்திருந்த என் வீட்டுக்காரரையும் கூப்பிட்டார்கள். யார் பூசியது என்று கேட்டார். என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார்.

"இவதாங்க. சொன்னாக் கேக்க மாட்டா."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்தார். டாக்டர் என்னைத்தான் ஏசினார். தான் சொன்னது ஆராய்ச்சிக்கூடத்துச் சத்து, அம்மி மஞ்சள் அல்ல. மேலே பூசுவது உள்ளே மிஞ்சிய புற்றுக்குப் போகாது, எரிந்த தோலைத்தான் தின்னும். தோட்டத்து ஆட்களுக்குத் தலைக்குள்ளேயும் கொழுந்துதான் இருக்கிறது என்றார். நர்ஸ் ஒரு வார்த்தை விடாமல் மாற்றிச் சொன்னார்.

புண் ஆறும்வரை கரண்டை நிறுத்திவிட்டார்கள். காய்ச்சல் வந்தது. ஆற நாள் பிடித்தது. நோய் அதுவரை காத்திருக்கவில்லை. மறுபடி கோடு போடப் போன அன்று டாக்டர் காறை எலும்புக்கு மேலே தொட்டார். விரலை எடுக்கவில்லை. அங்கே ஒரு முடிச்சு. ஸ்கேன் எடுத்தார்கள். முதுகெலும்பிலும் இருந்தது.

"இனி வலிக்கு மட்டுந்தான் கரண்டு," என்றார் நர்ஸ். "கொணமாக்க இல்ல."

கரண்டு பிடித்ததால்தான் பரவியது என்று மாமியார் லயத்தில் சொல்கிறார். மஞ்சளை விடாமல் பூசியிருந்தால் தப்பியிருப்பேனாம். என் வீட்டுக்காரரும் ஆமாம் என்கிறார்.

போன வாரம் பஸ்ஸுக்குக் கிளம்பினேன்.

"நீங்க வரலையா?"

"வலிக்குத்தானே. தனியாப் போயிட்டு வா."

போனேன். முதுகில் கோடு போட்டார்கள். வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது.